கோழிக்கு அரிசி

என் முகம் எட்டடிக்குப் பத்தடியில் குன்னத்தூர் பஸ் நிறுத்தத்தில் பதினோரு நாள் தொங்கியது. மேலே 'பசிப்பிணி தீர்த்த வள்ளலே, வாழ்க!' என்று எழுதியிருந்தது. வள்ளல் நான் இல்லை. வள்ளல், அட்டைப்பெட்டி கம்பெனி நஞ்சப்பன். நான் பசிப்பிணி.

இது எப்படி நடந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒழுங்காகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருத்தரும் நம்பவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

என் பெயர் பூங்குழலி. திருப்பூர் நெருப்பெரிச்சலில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனைத் திருப்பிப் போட்டு, இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துக் குற்றம் கண்டுபிடிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதையே செய்ததில் கண்ணும் வாயும் அப்படியே பழகிவிட்டன. ஆறு வருடத்துக்கு முன்னால் என் பையன் காதுகுத்துக்கு அண்ணன் திருமூர்த்தி குன்னத்தூரிலிருந்து சீர் கொண்டுவந்தார். தட்டில் பட்டுச்சேலை. எடுத்தவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு தோளில் போட்டிருக்க வேண்டியதுதானே? கை தானாக விரித்து ஜன்னல் பக்கம் பிடித்தது. "ஏனுங்ணா, பார்டருக்கு மேல நாலு இழை விட்டிருக்குது. இது செகண்ட்ஸ் பீஸுங்க" என்று வந்திருந்த அத்தனை ஒறம்பரைச் சொந்தத்துக்கும் நடுவில் சொல்லிவிட்டேன். அண்ணன் சாப்பிடாமல் கிளம்பினார். அதோடு பேச்சு நின்றது. இழை விட்டிருந்தது உண்மை. சேலை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது, சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம்.

போன வருடம் ஆர்டர் குறைந்தது. அமெரிக்காக்காரன் வரியை ஏற்ற, இங்கே ஒவ்வொரு வீதியிலும் இரண்டு மூன்று கம்பெனி ஷட்டரை இறக்கியது. நஞ்சப்பன் அப்படி மூடிக்கிடந்த ஒரு நிட்டிங் ஷெட்டைப் பிடித்து உணவு வங்கி ஆரம்பித்தார். ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. அஞ்சு கிலோ அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு சோப்பு. எல்லாம் ஒரு மஞ்சள் பையில். பை, எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் துணியில் தைத்தது. தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மஞ்சள் நாலு வீதி தள்ளி வந்தாலும் கண்ணில் குத்தும். இரண்டு பக்கமும் நஞ்சப்பன் கும்பிட்டபடி இருப்பார்.

நான் அங்கே போனதற்குக் காரணம் தர்ம சிந்தனை இல்லை, எச்.ஆர். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட் ஃபாரத்தில் 'சமூகப் பணி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் விழ வேண்டும். வாய் நீளமான சூப்பர்வைசரை அனுப்பினால் டிக்கும் விழும், ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமில் நிம்மதியும் இருக்கும் என்று யோசித்திருப்பார்கள். பதிலுக்கு ஒரு நாள் லீவு தருவதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உணவு வங்கியில் ஒரே ஒரு சட்டம். ஒரு பைக்கு ஒரு முகம். நஞ்சப்பன் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு நிற்பார். வாங்குகிறவர் பையை நெஞ்சுக்கு நேரே பிடித்து நிமிர்ந்து பார்க்க வேண்டும். முகத்தைப் படம் பிடித்தால்தான் டேப்லெட் அடுத்த நம்பரைக் கொடுக்கும். சாயங்காலம் அத்தனை படமும் நஞ்சப்பனின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வரும். "குடுக்கறவங்க பாக்கோணுமல்லங்க" என்பார். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். நஞ்சப்பனிடம் அழுத பிள்ளை போட்டோவும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பீகார் பையன்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு விரலை விரித்துக் காட்டிவிட்டுப் பையை வாங்கிப் போனார்கள். உள்ளூர்க்காரர்கள்தான் தரையைப் பார்த்தார்கள். நஞ்சப்பன் "மேல பாருங்க, மேல பாருங்க" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போவார். வெட்கப்படுவதற்கும் சொந்த ஊர் வேண்டும்போல.

மூன்றாவது ஞாயிறு அந்த வரிசையில் கமலாம்பாளக்காவைப் பார்த்தேன். நான் முதன்முதலாக வேலைக்குப் போனது அவர்கள் கம்பெனிக்குத்தான். வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு மெஷின். வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியம் ஆர்டர் பிடித்து வருவார், அக்கா எங்களை மேய்ப்பார். தீபாவளிக்கு முதல் நாள் வரிசையாக நிற்போம். ஆளுக்கொரு சேலையும் அரைக்கிலோ மைசூர்பாகும் கையில் வைத்து, "நல்லாயிரு கண்ணு" என்பார். நானும் வரிசையில் நின்று, கையை நீட்டித்தான் வாங்கினேன். அதற்குப் பெயர் போனஸ். ஒருத்தரும் தரையைப் பார்க்கவில்லை.

சிவசுப்பிரமணியத்துக்குப் பக்கவாதம் வந்ததும், மெஷின்கள் போனதும், வீட்டை விட்டுவிட்டு இரண்டாவது மாடியில் வாடகைக்குப் போனதும் காதில் விழுந்திருந்தது. வரிசையில் நிற்கும் அளவுக்கு என்று தெரியாது.

அக்காவுக்கு முன்னால் நாலு பேர் இருந்தார்கள். கையில் மடித்த கட்டைப்பை. டேப்லெட் முதல் ஆளின் முகத்துக்கு நேரே உயர்ந்ததை அக்கா பார்த்தார். வரிசையை விட்டு விலகி நேரே என்னிடம் வந்தார்.

"ஏம் பூங்குழலி, நல்லாயிருக்கறயா? ஒத்தாசைக்கு ஆள் வேணுமான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கட்டைப்பையை இடுப்பில் சொருகிக்கொண்டு பேக்கிங் மேஜையில் நின்றுவிட்டார். இரண்டு மணி நேரத்தில் நாற்பது பை. படியால் அளந்தால் ஒரு பருக்கை கூடாது, குறையாது. எனக்கு வாயெல்லாம் பல். பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார். எனக்கு அது உறைக்கவே இல்லை. நல்ல ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அடுத்த வாரமும் வந்தார். போகும்போது ஒன்று மட்டும் கேட்டார். "கீழ சிந்துன அரிசிய வாரிக்கட்டுமா கண்ணு? கோழிக்கு ஆகும்."

விளக்குமாற்றை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கடுத்த வாரம் என் கண் சும்மா இருக்கவில்லை. மற்ற மேஜைகளுக்குக் கீழே ஒரு கைப்பிடி சிந்தியிருந்தால், அக்கா மேஜைக்குக் கீழே ஒரு படி சிந்தியிருந்தது. இவ்வளவு சுத்தமான கைக்கு இவ்வளவு சிந்தக்கூடாது. "அக்கா, உங்க மேஜையில வேஸ்டேஜ் சாஸ்தியா இருக்குதுங்க" என்றேன். எல்லார் முன்னாலும்தான். சொல்வதைச் சத்தமாகச் சொன்னால்தான் எனக்குச் சொன்னதுபோல் இருக்கும். அக்கா "செரி கண்ணு, பாத்துக்கறேன்" என்றார். அடுத்த வாரம் அவர் மேஜைக்குக் கீழே ஒரு பருக்கை இல்லை. மற்றவர்கள் சிந்தியதை மட்டும் கூட்டி எடுத்துக்கொண்டு போனார். இப்போது நினைத்தால் என் வாயை ஓவர்லாக் மெஷினில் கொடுத்துத் தைத்துவிடலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு அக்கா மூக்குக் கண்ணாடியை மேஜையில் மறந்துவிட்டார். கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மகள் வினிதா, வேலை பார்த்த கம்பெனியில் ஆளைக் குறைத்ததிலிருந்து வீட்டில் இருப்பவள், அடுப்பில் உலை வைத்திருந்தாள். அக்கா தரையில் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாததால் முறத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்து, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஷெட் தரையின் சிமெண்ட் தூசி முறத்தின் ஓரத்தில் சாம்பலாக ஒதுங்கியிருந்தது.

"கோழி எங்கீங்க்கா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். வேறு யார் கேட்பார்கள்?

"மேயப் போயிருக்குது கண்ணு" என்றார்.

இரண்டாவது மாடி. சுற்றிலும் இடுப்பளவு கைப்பிடிச் சுவர்.

ரேஷன் அரிசி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அவர்களுடையது சர்க்கரை கார்டு. நன்றாக இருந்த காலத்தில், எங்களுக்கு அரிசி வேண்டாம், சர்க்கரை போதும் என்று எழுதிக் கொடுத்து வாங்கியது. அதை மாற்றச் சொல்லி இன்னொரு மனு எழுத வேண்டும். ரேஷன் கடையில் எடை போடுகிற அம்மா, அக்கா கம்பெனியில் காஜா பட்டன் அடித்தவள். மனு எழுதவில்லை.

"அடுத்த வாரம் ஒரு பை எடுத்துக்குங்க்கா" என்று சொல்லிப் பார்த்தேன்.

அக்கா முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வினிதாவப் பாத்துட்டுப் போயிருக்காங்க கண்ணு. நல்ல எடம். மாப்பிள்ளையோட மாமன் நஞ்சப்பன்கிட்டத்தான் பெட்டி வாங்கறாராமா." அதோடு நிறுத்திக்கொண்டார். எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை. நஞ்சப்பன் ஸ்டேட்டஸில் அக்கா முகம் வந்த நாளோடு அந்தக் கல்யாணம் நிற்கும். முகம் வராவிட்டால் அரிசி வராது.

அந்த வாரம் முழுக்க இதையே யோசித்தேன். எக்ஸ்போர்ட்டில் சாம்பிள் படம் எடுக்கும்போது மாடலின் தலையைக் கழுத்தோடு வெட்டிவிடுவோம். பார்க்கிறவனுக்குப் பனியன்தானே வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை நஞ்சப்பனிடம் அதைச் சொன்னேன். டேப்லெட்டில் ஒன்று எடுத்தும் காட்டினேன். 'முகம் தெரியவில்லை' என்று டேப்லெட் சொன்னது. "தலையில்லாம என்னங்க அம்மிணி, காவு குடுத்தாப்ல இருக்குது" என்று நஞ்சப்பன் சொன்னார்.

சரி, ஒரு முகம்தானே வேண்டும்? அவர் டீ குடிக்க நகர்ந்தபோது, டேப்லெட்டை மேஜையில் சாய்த்து வைத்து, நாற்பத்தோராம் பையை எடுத்துக்கொண்டு நானே நின்றேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று சொல்வார்களே, அது இதுதான். அதையும் சும்மா விட்டேனா? வேலைப் பழக்கம். தோள் மட்டம், பை நேர், பிரிண்ட் முன்பக்கம், சிரிப்பு. டேப்லெட் ஒரே அடியில் ஏற்றுக்கொண்டது.

பன்னிரண்டரைக்கு அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மஞ்சள் பை. அந்த வீதி முழுக்க நடந்து, இரண்டு மாடி ஏறி. மொட்டை மாடிக்குத் துணி எடுத்துப் போன பக்கத்து வீட்டுக்காரி படியில் நின்று பையைப் பார்த்தாள். அப்புறம் அக்கா வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

அக்கா வாசலுக்கு வந்தார். படிக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "இது ஆருக்கு கண்ணு? கீழ்வீதியில கேட்டிருந்தாங்களே, அவுங்களுக்கா? பாவம், இல்லாதவங்க, வெரசாக் கொண்டு போய்க் குடு." கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த ஞாயிறு அக்கா பேக்கிங்குக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. சிந்திய அரிசியையும் கெடுத்துவிட்டேன். நான் உதவி செய்யாமல் இருந்திருந்தால் அந்த வீட்டில் வாரம் ஒரு படி அரிசியாவது வெந்திருக்கும். கூட்டிய அரிசியை ஒரு டின்னில் போட்டு வைத்தேன். யாருக்கென்று சொல்லவில்லை.

நாற்பத்தோராம் பையைத் திருப்பிக் கொடுக்கப் போனால் நஞ்சப்பன் வாங்கவில்லை. "போட்டோ ஏறிட்டா ரிட்டர்ன் கெடையாதுங்க. டேப்லெட்டுல அப்படி ஒண்ணு வெக்கவே இல்லீங்க." பை என் வீட்டு அடுப்படியிலேயே நின்றது. என் வீட்டுக்காரர் சதீஷ்குமார் அதிலிருந்து சோப்பை மட்டும் எடுத்துக் குளித்துவிட்டார்.

அந்த வாரம்தான் நஞ்சப்பனுக்கு அறுபதாவது பிறந்தநாள். சொந்த ஊர் குன்னத்தூர்ப் பக்கம் என்பதால் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ். மேலே அவர் கும்பிடுகிறார். கீழே மஞ்சள் பையோடு நான் சிரிக்கிறேன். சதீஷ்குமாருக்கு யாரோ செல்லில் அனுப்பினார்கள். கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் விழுந்திருக்குது" என்றார்.

நஞ்சப்பனிடம் ஓடினேன். "ஏனுங்க, நானூறு படத்துல என் மூஞ்சிதான் கெடைச்சுதுங்களா?"

"ஃப்ளெக்ஸ் அடிக்கற பையன் எடுத்ததுங்க அம்மிணி. அதுல சிரிச்சது நீங்க ஒருத்திதானுங்க. மத்ததெல்லாம் எழவு ஊட்டுல எடுத்தாப்ல இருந்துதாமா. நீங்கன்னு நானே கட்டுன பொறவுதான் பாத்தேன். இப்ப அவுத்தா நல்லாயிருக்காதுங்க."

அன்றிலிருந்து ஃபோன். முதலில் அத்தை. "ஏங் கண்ணு, சோத்துக்கே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அத்தை, நான் வாங்கறவ இல்லீங்க, குடுக்கறவ."

"செரி கண்ணு, கேக்கறவங்ககிட்ட அப்படியே சொல்லிக்கோ."

எத்தனை பேரிடம் சொன்னாலும் அதே "செரி"தான். சிரித்துச் சொன்னால், பாவம் சமாளிக்கிறாள் என்றார்கள். கோபமாகச் சொன்னால், கஷ்டத்திலும் ரோஷம் குறையவில்லை என்றார்கள். கேண்டீன் அக்கா கேட்காமலே ஒரு தோசை கூட வைத்தார். என் லைனில் வேலை செய்யும் பெண்கள் என் முகத்தைப் பார்க்காமல் பீஸைப் பார்த்துப் பேசினார்கள். ரிஜெக்ட் போட்டால்கூட எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை. திட்டு வாங்கலாம், பாவம் வாங்க முடியாது. தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன் என்பதை நாலாவது நாள் கவனித்தேன். நான் எந்தத் தப்பும் செய்யவில்லை, எனக்கு மாதாமாதம் சம்பளம் வருகிறது, ஆனாலும் நடந்தேன்.

எச்.ஆர். கூப்பிட்டார்கள். சமூகப் பணிக்குச் சாட்சியாக நஞ்சப்பன் கொடுத்த படங்களை ஆடிட் ஃபைலில் வைத்திருந்தார்களாம். 'உங்கள் கம்பெனி சூப்பர்வைசரே இலவச அரிசி வாங்குகிறார் என்றால் நீங்கள் என்ன கூலி கொடுக்கிறீர்கள்?' என்று ஆடிட்டர் கேட்டுவிட்டாராம். டிக் போய்விட்டது. எனக்கு ஒரு மெமோ.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் டி.வி.எஸ். ஃபிஃப்டி நின்றது. அண்ணன். ஆறு வருடத்துக்குப் பிறகு. வண்டியின் முன்னால் ஒரு தவிட்டு மூட்டை. மாடு இல்லாத வீட்டுக்குத் தவிடு எதற்கு என்று வாய் வரை வந்தது. அண்ணன் வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தார். மேலே சுற்றியிருந்த தவிட்டுச் சாக்கை உருவினார். உள்ளே இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை.

"இந்தப் பக்கம் ஒரு சோலி. அப்படியே வந்தேன்" என்றார்.

மழையைப் பற்றிப் பேசினார். தென்னையில் வெள்ளை ஈ விழுந்ததைப் பற்றிப் பேசினார். காபி குடித்தார். குடிக்கும்போது அடுப்படியில் இருந்த மஞ்சள் பை கண்ணில் பட்டது. உடனே முகத்தைத் திருப்பி, மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"அண்ணா, அது நான் வாங்குனதில்லீங்க."

"செரி அம்மிணி."

"நெசமாலுமேங்ணா."

"செரி." காலண்டரிலேயே சொன்னார். "நோம்பி நொடிக்குச் சீர் கொண்டாரலீல்ல. ஆறு வருசமாச் சேந்து போச்சு. அதான்."

மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை அள்ளிக் காட்டினார். "பழைய அரிசி. சோறு உதிரி உதிரியா வரும்." அவர் உள்ளங்கையில் ஒரு வண்டு ஏறி, கட்டைவிரல் வழியாக நடந்து, மூட்டைக்குள் இறங்கியது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அண்ணன் என் வாயைப் பார்த்தார்.

"நல்ல அரிசிங்ணா" என்றேன்.

அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். வண்டி முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து அந்த மூட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வேண்டாத அரிசியை வாங்கிக்கொண்டு ஒருத்தி அழுவாளா என்று கேட்டால், அழுவாள். ஆறு வருடம் அண்ணன் இல்லாமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு சாயங்காலம் கமலாம்பாளக்கா வந்தார். என் வீட்டுப் படி ஏறியதே இல்லை. நின்றபடி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கையில் ஒரு எவர்சில்வர் சம்படம், மூடி போட்டது.

"நேத்து பஸ்ஸுல குன்னத்தூர் வழியாப் போனேன்" என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீயும் வாங்கறவளாக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு கண்ணு. அன்னைக்கு நீ உன்ற பங்கத்தான் தூக்கிட்டு எங்கூட்டுக்கு வந்தயாட்ட இருக்குது. நான் அதத் திருப்பி அனுப்பிச்சுட்டேன். அன்னையிலிருந்து மனசே செரியில்ல." சம்படத்தை மேஜையில் வைத்தார். "கோழிக்கு வெச்சிருந்ததுல நல்லதாப் பாத்துப் பொறுக்குனது. கல்லு இருக்காது. ரெண்டு வேளைக்கு ஆகும்."

மூடியைத் திறந்தேன். ஒரு படி இருக்கும். ஒரு கல் இல்லை, ஒரு கருப்பு இல்லை, ஒரு குருணை இல்லை. என் சர்வீஸில் அவ்வளவு சுத்தமான ஒரு பீஸை நான் பாஸ் பண்ணியதில்லை. ஷெட் தரையில் கூட்டிய அரிசியை முறத்தில் போட்டு எத்தனை நாள் பொறுக்கினாரோ. அந்த வீட்டில் வேறு அரிசி இருந்திருக்காது.

பதினோரு நாளாக ஊருக்கெல்லாம் சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான் வாங்குகிறவள் இல்லைங்க, கொடுக்கிறவள். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷெட்டில் அவர் யார் முகத்தையும் அப்படி நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை.

"ஆமாங்க்கா" என்றேன். "நானும் வாங்கறவதானுங்க."

"முன்னாலயே சொல்லிருக்கலாமல்ல?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "என்னத்த வெக்கம். நாம என்ன களவாண்டமா?" என்றார். சம்படத்து மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார்.

அண்ணன் மூட்டையை நடுவீட்டுக்கு இழுத்து வந்தேன். "பொறந்த ஊட்டுச் சீருங்க்கா. எங்களால தின்னு தீராது. ரெண்டு பேரும் பிரிச்சுக்கலாமுங்க."

"உனக்குப் பத்தோணுமே."

"பத்தாட்டி உங்ககிட்டக் கேக்கறனுங்க."

அவர் கொண்டுவந்ததைப் பானையில் கொட்டிவிட்டு, அதே சம்படத்தால் அளந்தோம். எனக்கொன்று, அவருக்கொன்று. எனக்கு வைக்கும்போது அக்கா கூம்பாக வைத்தார், அவருக்கு வைக்கும்போது தலை தட்டினார். நான் பிடுங்கி அளந்தேன். அளந்துகொண்டே, "வண்டு கெடக்குது கண்ணு" என்றார். "சீருங்க்கா, ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க" என்றேன்.

போட்டுக்கொண்டு போகப் பை வேண்டும். அடுப்படி மஞ்சள் பையை இரண்டு பேருமே பார்க்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் ஒரு கட்டு இருந்தது. மணமக்கள் பெயர் போட்டது, தேங்காய் வைத்துக் கொடுத்தது. அதில் ஆறு பையை எடுத்து, மூன்று மூன்றாக இரண்டு கையிலும் பிடிக்கிற மாதிரிக் கட்டினோம். தாம்பூலப் பையோடு போகிறவளைத் திருப்பூரில் யாரும் எங்கே போய் வருகிறாய் என்று கேட்பதில்லை. எந்த மண்டபம் என்றுதான் கேட்பார்கள்.

அக்கா படியில் இறங்கினார். நான் வாசலில் நின்றேன். வாய் சும்மா இருக்க வேண்டுமே.

"அக்கா, மேயப் போன கோழி வந்துருச்சுங்களா?"

அக்கா திரும்பவில்லை. பைகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, கீழ்ப்படியில் கால் வைத்தபடி சொன்னார்.

"வந்துருச்சு கண்ணு. மூணு உருப்படி. மூணுக்கும் இன்னைக்கு வயிறார இருக்குது."